சுபேதார் சுப்பிரமணியன்

பானிப்பட்டுப் போர்கள் மூன்றின் ஆண்டுகளையும் தடையின்றி ஒப்புவிக்கும் நம் மாணவர்கள், நம் வட்டாரத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்து இத்தாலி நாட்டு மண்ணில் உயிர் துறந்த சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிக் கேட்டால் விழிக்கின்றனர். படைத்துறை வரலாற்றில் நிலைபெற்றுவிட்ட பெயர் அது. பிறந்த மண்ணில் மட்டும் அது மங்கிக் கிடப்பது முறையன்று எனக் கருதியே, இவ்வெள்ளி விழா மலரில் அவரது வரலாற்றைச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

அவர் பிறந்தது 1912ஆம் ஆண்டு. ஊர் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டு இளைஞன் ஒருவன் படையில் சேருவது எளிதாக இருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு நாடு பிடித்துக் கொடுத்ததில் சென்னைப் படைக்கும் பெரும்பங்குண்டு. அதில் ஆதிதிராவிடர் பெருந்தொகையினராகப் பணியாற்றியிருந்தனர். ஆயின், 1885 முதல் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த ராபர்ட்ஸ் போன்றோர், போர்க்குணம் சில சாதிகளுக்கும் சில மாகாணங்களுக்கும் மட்டுமே உரியது என்றொரு கொள்கையை நிலைநாட்டினர். வடக்கே மகாருக்குக் கதவு அடைக்கப்பட்டதும் அக்காலத்தேதான். தெற்கே சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. நம்மவர் பலர் பணியாற்றிய சென்னைப் பயனியர் படையும் 1933இல் கலைந்தது. நேற்றுவரை சுட்டு வென்றவனின் பேரன், இன்று சுடத் தெரியாதவன் எனத் தள்ளப்பட்டான்! தீண்டாமைக்கு ஏடுகளில் ஆதாரம் தேடுவோர் இதனையும் ஓர் ஏடாகக் கொள்ளலாம்.

அடைபடாமல் எஞ்சிய வாயில் ஒன்றுண்டு. 1780இல் தோன்றி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த மதராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையே அது. பாதை வெட்டுதல், பாலம் அமைத்தல், அரண் தகர்த்தல், கண்ணிவெடி களைதல் ஆகியவை அதன் பணிகள். அங்கே சேர்ந்தவன் துப்பாக்கியோடு கொத்துவேலை, தச்சு, கருமான் வேலை என ஒரு தொழிலையும் கற்றாக வேண்டும். தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கிறித்தவர், முகமதியர், ஆதிதிராவிடர் யாவரும் கலந்திருந்த அப்படையில் வீரர்களைத் ‘தம்பி’ என்றே அழைத்தனர். முள்வேலிகளைத் தகர்க்க உலகப் படைகள் பலவும் பின்னர் கைக்கொண்ட ‘பெங்களூர் டார்பிடோ’ எனும் வெடிகுழாயை இப்படையின் அதிகாரி மெக்ளின்டாக் ஆக்கியதும் சுப்பிரமணியன் பிறந்த 1912ஆம் ஆண்டிலேயே.

இப்படையில் சேர்ந்த சுப்பிரமணியன் சுபேதார் பதவி வரை உயர்ந்தார். வைஸ்ராயின் ஆணை பெற்ற அதிகாரி என்பது அதன் பொருள். சிப்பாய் நிலையிலிருந்து அங்குச் செல்ல வீரம் மட்டும் போதாது. படைக் கல்வித் தேர்வுகளிலும் தேற வேண்டும். கல்விச் சங்கத்தினராகிய நாம் இதனைக் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினர் தொகை சுமார் 25 இலட்சமாகப் பெருகிற்று. கட்டாய ஆள்சேர்ப்பு இங்கே இல்லை. அனைவரும் தாமாகச் சேர்ந்தவரே. வறுமையும் பலரைத் தள்ளியது என்பதை மறைப்பதற்கில்லை. சுப்பிரமணியன் பணியாற்றிய 11ஆம் பீல்டு பார்க் கம்பெனி, புகழ்பெற்ற நான்காம் இந்திய டிவிஷனைச் சார்ந்தது. 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பரானி, 1941இல் எரித்திரியாவின் கெரன் மலை, பின்னர் லிபியப் பாலைவனம், 1943இல் துனீசியா என மூன்றாண்டுகள் ஆப்பிரிக்காவில் பொருத அந்த டிவிஷன், 1943 இறுதியில் இத்தாலிக்கு மாற்றப்பட்டது. அங்கே மணலுக்குப் பதில் சேறும் பனியும். காசினோ குன்றின் மீதிருந்த பழம்பெரும் மடாலயம் 1944 பிப்ரவரி 15 அன்று விமானக் குண்டுகளால் இடிக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த மலைகளில் கடும்போர் நிகழ்ந்தது.

பின்வாங்கிய ஜெர்மானியர் வயல், வழி, வாய்க்கால் எங்கணும் கண்ணிவெடிகளைப் புதைத்துச் சென்றிருந்தனர். கருவிக்கு அகப்படாதிருக்க மரப்பெட்டியில் அடைத்தவையும் அவற்றுள் உண்டு. ஒருவர் கருவியால் தரையைத் துழாவிச் செல்ல, பின்வருவோர் வெள்ளை நாடாவிட்டு வழியை வரையறுப்பர். ஐயமுள்ள இடத்தைத் துப்பாக்கிச் சனியனால் மெல்லக் குத்தியும் பார்ப்பர். கழனியில் நாற்று நடுவோர்க்குள்ள பொறுமை இப்பணிக்கும் வேண்டும். சில வகை வெடிகள் மிதித்தவுடன் வெடிக்கா. சிறு ஓசை எழும்பி, ஏறத்தாழ நான்கு விநாடி கழித்தே சிதறும். அந்த ஓசையின் பொருளை அறிந்தவர்க்கு ஓடித் தப்பவோ, படுத்துத் தப்பவோ அவ்வளவே நேரம்.

1944 பிப்ரவரி 24. காசினோவுக்குத் தெற்கேயுள்ள மிக்னானோவில் சுப்பிரமணியன் தம் ஆட்களுடன் வழி துப்புரவு செய்துகொண்டிருந்தார். கருவி ஏந்திய லான்ஸ் நாயக்கின் காலடியில் ஒரு வெடி அகப்பட்டது; அந்தச் சிறு ஓசை கேட்டது. அருகே வேறு சிலரும் நின்றிருந்தனர். மற்ற எவரினும் அவ்வோசையை நன்கறிந்தவர் சுபேதாரே. அவர் விலகவில்லை. பாய்ந்து அவ்வெடியின் மேல் தம் உடலைக் கிடத்தினார். முழு வெடிப்பையும் அவ்வுடலே தாங்கிற்று. சுபேதார் மாண்டார், உடனிருந்தோர் பிழைத்தனர்.

தோழரின் குலம் கோத்திரம் விசாரிக்க நான்கு விநாடியில் இடமில்லை. இடமிருந்திருப்பினும் அவர் விசாரித்திருக்க மாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.

1940 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய ஜார்ஜ் கிராஸ், பகைவரை நேர்நின்று பொருதும் களத்திற்குப் புறம்பான பெருவீரத்திற்கு உரியது. மதிப்பில் விக்டோரியா கிராஸுக்கு இணையானது. வெள்ளியாலான அச்சிலுவை நீல நாடாவில் தொங்கும். 1944 ஜூன் 30 அன்று வெளியான லண்டன் அரசிதழ், மறைந்த சுபேதார் சுப்பிரமணியனுக்கு அதனை அறிவித்தது. இந்தியருள் அதனை நேரடியாகப் பெற்ற முதல்வர் அவரே. வீரமற்றவர் என ஒதுக்கப்பட்ட சென்னை மாகாணத்தின் காலாட்படை, போரின் நெருக்கடியால் அதற்குள் மீண்டும் எழுப்பப்பட்டிருந்தது. மதராஸ் சாப்பர்ஸ் இன்றும் பெங்களூரிலேயே இருந்து வருகிறது. அங்குள்ள வீரரை இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கின்றனர்.