நலவாழ்வுச் சட்டம் கண்ட திருவரங்கத்து மருத்துவர்

திருவரங்கம் என்றவுடன் கோயிலும் காவிரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரில் 1880ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களை இன்றைய மாணவர் பலர் அறியார். இங்கிலாந்தில் மருத்துவ உயர்கல்வி கற்ற அவர், இலண்டனில் வரகனேரி வ. வே. சு. ஐயரோடு பழகியவர், தாயகம் திரும்பித் திருச்சியில் மருத்துவத் தொழில் புரிந்தவர். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி தலைமையில் வேதாரணியத்திற்கு உப்பு அறப்போர் அணி புறப்பட்டது, கன்டோன்மென்டில் இருந்த அவருடைய இல்லத்திலிருந்துதான். அப்போராட்டத்தில் அவர் சிறையும் கண்டார்.

சட்டத்தை மீறிச் சிறை புகுந்த அதே மனிதர், 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதார அமைச்சரானார். அவர் பொறுப்பிலிருந்தபோது நிறைவேறியதே 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். மாநிலம் முழுமைக்குமாக இத்தகைய விரிவான சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது என்பர். குடிநீர், கழிவுநீர், தாய்சேய் நலம், தொற்றுநோய் அறிவிப்பு, திருவிழாக் கூட்டங்களில் தூய்மை என அனைத்தையும் அது தழுவியது. ஏகாதசித் திருவிழாவின் நெரிசலைக் கண்டு வளர்ந்தவர்க்கு அவ்வியலின் தேவையை எவரும் எடுத்துரைக்க வேண்டியிருந்திராது என்றே நாம் எண்ணுகிறோம்.

கொள்ளைநோய் பரவுங்காலத்தில் அம்மை குத்துதலையும் தடுப்பூசியையும் கட்டாயமாக்கும் அதிகாரத்தையும் அச்சட்டம் வழங்கிற்று. இங்குதான் சிக்கல் இருந்தது. இராஜனும் அவருடைய தோழர்களும் தலைவராகக் கொண்ட காந்தியடிகள் அம்மை குத்துதலை ஏற்காதவர். உடல்நலம் பற்றிய தம் நூலிலேயே அதனை மறுத்தவர். சிற்றூர்களிலோ அம்மைநோய் அன்னையின் வருகையாகக் கருதப்பட்டது. சட்டம் இவ்வெதிர்ப்பை அறியாததுபோல் நடிக்கவில்லை. மனச்சான்றின்படி ஊசியை மறுப்போர்க்கு விலக்குப் பெற வழி வைத்தது. ஆனால் அவர்கள் பிறரிடமிருந்து விலகித் தனித்திருக்க உடன்பட வேண்டும் என்றும் விதித்தது. தன் உடலின்மீது ஒருவர்க்குள்ள உரிமை, அண்டை வீட்டுக் குழந்தையின் உயிருக்கு முன் எங்கு நிற்கும் என்ற வினாவுக்கு அன்றே கிடைத்த நேர்மையான விடை அது.

1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. சட்டம் நிலைத்தது. விடுதலைக்குப் பின் ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இடம்பெற்ற இராஜன், 'நினைவு அலைகள்' என்னும் தன்வரலாற்றை நமக்கு அளித்து 1953இல் மறைந்தார். 1975இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததை அவர் காணவில்லை. கொரோனாத் தொற்றின்போது, 2020இல், தமிழக அரசு திருத்தம் செய்து பயன்படுத்தியதும் அவர் காலத்துச் சட்டத்தையே.

அன்று சொத்தோ கல்வியோ உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. பச்சைமலையின் வண்ணாடு, கோம்பைநாடு போன்ற ஊர்களின் மலையாளி மக்கள் அம்மன்றத்தில் தம் குரலை ஒலிக்க வழியேது? இன்று அவர்களுக்கும் வாக்கு உண்டு, கிராமசபை உண்டு. தடுப்பூசி நாளில் செவிலியர் மலையேறி வராவிடில், அதனைத் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்பலாம்; சட்டமன்ற உறுப்பினரிடம் மனு அளித்து, அவையில் வினா எழுப்பக் கோரலாம். துறையூரிலிருந்தும் மலையிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அத்தகைய மனு ஒன்றைத் தம் ஊர்ப் பெரியோர்க்கு எழுதித் தருவார்களாயின், தமிழ்த்துறை அதனைப் பிழைதிருத்தித் தர அணியமாயுள்ளது.