செப்டம்பர் 15: ஒரு இன்ஜினியர், ஒரு அண்ணா

செப்டம்பர் 15 அன்னிக்கு உங்க ஃபோன்ல வர்ற ஸ்டேட்டஸை எல்லாம் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. பாதி பேர் தலைப்பாகை கட்டின ஒரு பெரியவர் படத்தைப் போட்டு பொறியாளர் தின வாழ்த்து சொல்லியிருப்பாங்க. மீதி பேர் அண்ணா படத்தைப் போட்டிருப்பாங்க. ரெண்டு பேருக்கும் அன்னிக்குத்தான் பிறந்தநாள். டெல்லியில் தூர்தர்ஷன் சோதனை ஒளிபரப்பு தொடங்கியதும் (1959) இதே தேதிதான். நம்ம அரசுப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் (2022) இதே தேதிதான்.

அண்ணாவைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். அந்தத் தலைப்பாகைக்காரரைப் பற்றி? பேர் விஸ்வேஸ்வரய்யா, பெரிய இன்ஜினியர், அவ்வளவுதானே? வாங்க, அவர் வாழ்க்கையை ஒருமுறை முழுசா பார்த்துடலாம். நடுவுல ஒரு இடத்தில் நாம கொஞ்சம் நின்னு யோசிக்க வேண்டியிருக்கும்.

டியூஷன் எடுத்துப் படித்தவர்

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா பிறந்தது 1860ல், இன்றைய கர்நாடகாவின் சிக்கபள்ளாப்பூர் பக்கத்தில் இருக்கும் முத்தேனஹள்ளி என்ற சின்ன ஊரில். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் படிக்கும்போது, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் செலவைச் சமாளித்தார். 1881ல் பி.ஏ. முடித்தார். பிறகு மைசூர் அரசின் உதவித்தொகையோடு புனே போய் சிவில் இன்ஜினியரிங் படித்து, முதல் மாணவராகத் தேறினார். 1884ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த ரெண்டு வேலைகளை மட்டும் சொல்றேன்.

முதலாவது, தானியங்கி மதகு. புனே அருகே கடக்வாஸ்லா அணையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கணும், ஆனா அணையின் உயரத்தைக் கூட்டக் கூடாது. இதுதான் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட். 1903ல் அவர் அங்கே அமைத்த மதகுகள், நீர்மட்டம் ஒரு அளவைத் தாண்டினால் தாமாகவே திறக்கும்; வெள்ளம் வடிந்ததும் தாமாகவே மூடிக்கொள்ளும். சென்சார் இல்லை, மோட்டார் இல்லை. தண்ணீரோட அழுத்தமும் எதிர் எடையும்தான் எல்லாத்தையும் பார்த்துக்கும்.

ரெண்டாவது, பிளாக் பாசன முறை. கால்வாயின் தலைப்பில் நிலம் வைத்திருப்பவர்கள் வருஷம் முழுக்க கரும்பு, நெல் என்று தண்ணீரை இழுத்துக்கொண்டால் கடைமடைக்கு ஒண்ணும் போகாது. தலைப்பில் மண்ணும் ஊறிக் கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு ஊரிலும் இவ்வளவு நிலம்தான் என்று ஒரு பகுதியைப் பிரித்து, அதற்குள் பயிரைச் சுழற்சி முறையில் மாற்றிப் போட்டு, அதே தண்ணீரை நிறைய ஊர்களுக்குப் பங்கிட வேண்டும் என்றார் அவர். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஹைதராபாத், மைசூர், காவிரி

1908 செப்டம்பர் 28. மூசி ஆற்றில் வந்த வெள்ளம் ஹைதராபாத்தைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பம்பாய் அரசு வேலையை விட்டு வெளியே வந்திருந்த விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. நகரத்துக்குள் கரையை உயர்த்துவது மட்டும் போதாது, மேலேயே நீர்த்தேக்கம் கட்டித் தடுக்கணும் என்பது அவர் தந்த தீர்வு. இன்றைக்கும் ஹைதராபாத்தில் இருக்கும் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அப்படி வந்தவைதான்.

1909 நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளர் ஆனார். அதற்கு ரெண்டு மாசம் முன்னாடிதான், அவருடைய பிறந்தநாள் அன்றே, காஞ்சிபுரத்தில் அண்ணா பிறந்திருந்தார்.

1911ல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. சிமென்ட்டுக்குப் பதிலாக சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கி கலவையில் கட்டிய அணை அது. இங்கேதான் நம்ம ஊர் கதையும் சேருது. கீழே இருந்த சென்னை மாகாணம் குறைந்த உயரத்துக்குத்தான் ஒப்புக்கொண்டது. மைசூரோ முழு உயரத்துக்கும் தாங்கும்படி அஸ்திவாரம் போட்டது. சண்டை 1914ல் நடுவர் வரைக்கும் போய், 1924ல் ஒப்பந்தத்தில் முடிந்தது. அதுக்கு அடுத்த வருஷம் நம்ம மேட்டூர் அணையின் வேலை தொடங்கி, 1934ல் முடிந்தது. மைசூருக்கு அவர் ஹீரோ. கடைமடையில் இருக்கும் நமக்கு அதே அணை ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒரு கேள்விக்குறி. ஒரே அணைச் சுவரை ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கலாம், இல்லையா?

1912ல் அவர் மைசூர் திவான் ஆனார், அதாவது முதலமைச்சர் மாதிரி. ஆறு வருஷத்தில் நடந்ததைப் பாருங்க: மைசூர் வங்கி (1913), மைசூர் பல்கலைக்கழகம் (1916), பெங்களூரில் பொறியியல் கல்லூரி (1917). கட்டாயத் தொடக்கக் கல்விக்கு சட்டமும் வந்தது. பத்ராவதி இரும்பு ஆலைக்கு வழி போட்டதும் அந்தக் காலத்தில்தான்.

நின்னு யோசிக்க வேண்டிய இடம்

1918. மைசூர் அரசு வேலைகளில், மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கான பிராமணர்களே உயர்பதவிகளில் பெரும்பாலும் இருந்தார்கள். மற்றவர்கள் இதைக் கேள்வி கேட்டார்கள். மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். வேலையிலும் கல்வியிலும் மற்ற சமூகங்களுக்கு இடம் ஒதுக்குவது பற்றிய குழு அது. விஸ்வேஸ்வரய்யா இதை ஏற்கவில்லை. தகுதி ஒன்றுதான் அளவுகோல், இட ஒதுக்கீடு திறமையைக் குறைக்கும் என்பது அவர் நிலை. மகாராஜா பின்வாங்கவில்லை. திவான் பதவி விலகினார்.

அந்தப் பக்கம், அவரோடு பிறந்தநாளைப் பகிர்ந்துகொண்ட அண்ணா வளர்ந்தது நீதிக்கட்சி, திராவிடர் கழகம், பிறகு தி.மு.க. என்ற பாதையில். அந்தப் பாதையின் அடிப்படையே எல்லாச் சமூகத்துக்கும் பங்கு என்ற கோரிக்கைதான். 1951ல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது (அந்த வழக்குகளில் ஒன்று பொறியியல் கல்லூரி சீட் பற்றியது!) இங்கே பெரிய போராட்டம் வெடித்தது. அதே வருஷம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. நம்ம கிளாஸ்ல முதல் பட்டதாரி சான்றிதழோட சேர்ந்தவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. இந்தக் கதையில் நீங்களும் இருக்கீங்க.

இப்போ அந்த பிளாக் பாசனத்துக்கு வருவோம். தலைப்பில் இருப்பவன் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும், அதனால் பங்கிட்டே ஆகணும். தண்ணீருக்கு இதைச் சொன்னவர் விஸ்வேஸ்வரய்யாதான். கடைமடை விவசாயி நல்லா உழலை, அதனால்தான் பயிர் வரலைன்னு அவர் சொல்லவில்லை. ஆனா படிப்புக்கும் வேலைக்கும் அதே கணக்கைப் போட அவருக்கு மனசு வரவில்லை. டியூஷன் எடுத்துக் கஷ்டப்பட்டு மேலே வந்தவர். தன்னைப் போல எல்லாரும் வந்துடலாம் என்று நம்பியிருக்கலாம். ஆனால் அவர் வீட்டில் தலைமுறைகளாகப் படிப்பு இருந்தது. கால்வாய் ஏற்கெனவே அந்த வாசல் வரைக்கும் வந்திருந்தது.

அப்புறம்

பதவி விலகின பிறகும் அவர் ஓயவில்லை. 1934ல் இந்தியாவுக்கான திட்டமிட்ட பொருளாதாரம் பற்றிப் புத்தகம் எழுதினார். ஐந்தாண்டுத் திட்டங்கள் வர இன்னும் 17 வருஷம் இருந்தது. 1955ல் பாரத ரத்னா. 1960ல் அவர் உயிரோடு இருக்கும்போதே நூற்றாண்டுத் தபால்தலை வந்தது. 1962 ஏப்ரலில், நூறு வயதைத் தாண்டி இறந்தார்.

இதுக்காக அவர் படத்தை எடுத்துடணுமான்னு கேட்டா, வேண்டாம். அந்த மதகும் அணையும் உண்மை, 1918ம் உண்மை. நம்ம துறையில் பொறியாளர் தினத்துக்கு வருஷா வருஷம் ஒரு க்விஸ் நடக்கும். அவர் எந்த ஊர், எந்த அணைன்னு கேட்பாங்க. இந்த வருஷம் ஏன் பதவி விலகினார்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க. எத்தனை பேர் கை தூக்குறாங்கன்னு பார்க்கலாம்.