பறவையின் விருப்பம் அறிந்தவர்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில், சுவர்மேல் ஒரு மண்சட்டியிலும், கயிற்றில் தொங்கவிட்ட சிரட்டையிலும் கம்பு இட்டு, தரையில் ஒரு பிடி நொய்யரிசியும் தூவி வைத்தேன். மூன்றாம் நாள் சிட்டுக்குருவிகள் வந்தன. தரையில் கிடந்ததை மட்டும் தின்றன. தவிட்டுக்குருவிகள் கம்பைப் பொருட்படுத்தாமல் வேம்பின் சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடின. தேன்சிட்டு நேரே செம்பருத்திக்குச் சென்றது. சிரட்டையைச் சீந்துவாரில்லை. பறவைக்கு எது பிடிக்கும் என்பதை நாமே முடிவு செய்துகொண்டு இரையிடுகிறோம். அதைப் பறவையிடமே கேட்டறிந்தவர் சாலிம் அலி.

அவர் 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் குடும்பத்தின் கடைசிக் குழந்தையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். வளர்த்தவர் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி. சிறுவனின் கையில் ஒரு காற்றுத்துப்பாக்கி இருந்தது. ஒருநாள் அதனால் வீழ்ந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் காணப்படவே, மாமன் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். அவர் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் எடுத்துக் காட்டினார்.

துப்பாக்கியில் தொடங்கும் வரலாற்றை நம் இதழில் எழுதுவதா என்று யான் தயங்கியது உண்மை. பிற்காலத்திலும் ஆராய்ச்சிக்கென்று பறவைகளைச் சுடுவதை அவர் முற்றிலும் விட்டவர் அல்லர். இதை மறைத்தல் வாய்மைக்கு ஒவ்வாது. ஏற்றுக்கொள்ளவும் என் மனம் இசையவில்லை. ஆயினும் அவருடைய மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று வெறுமனே உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்தது.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளர் பணி பெற்றார். பின்னர் விடுப்பில் பெர்லின் சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸமானிடம் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பியபோது, நிதி இல்லையென்று அப்பணியே நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெஹ்மினாவின் குடும்பத்துக்குக் கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் ஒரு வீடு இருந்தது. வேலையற்ற கணவருடன் அவ்வம்மையார் முகம் சுளிக்காமல் அங்குக் குடியேறினார்.

வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சாலிம் அலி ஏணி ஒன்றை நிறுத்தி, அதன்மேல் மறைவமைத்து அமர்ந்து, நாள்தோறும் நோக்கினார். ஆண்குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து உள்ளும் புறமும் ஆராய்கிறது. பிடித்தால்தான் குடியேறுகிறது, பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்குகிறது. பெண் ஏற்றபின் ஆண் அக்கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. 1931இல் வெளிவந்த இவ்வாய்வு அவருக்குப் புகழ் தேடித் தந்தது. நம் ஊர்ப் பனைகளில் முடிவுறாமல் தொங்கும் கூடுகளைக் கண்டு, சோம்பேறிக் குருவி என்று வகுப்பில் பிள்ளைகளிடம் சொன்னவள் யான்! அவை பெண்குருவி வேண்டாமென்று விட்ட வீடுகள்.

அடுத்து அவர் கவனம் பறவைகள் நாடும் மலர்களின்பால் சென்றது. இதுபற்றிய கட்டுரை 1932இல் வந்தது. முள்ளிலவு, கல்யாண முருங்கை போன்ற செம்மலர் மரங்கள் பூத்தால் மைனாவும் காகமும் தேனுக்குக் கூடுகின்றன. தலையில் படிந்த மகரந்தத்தை அடுத்த மரத்துக்குக் கொண்டு செல்கின்றன. மாமரத்தில் படரும் புல்லுருவியோ இன்னும் விந்தை. அதன் முற்றிய மொட்டைத் தேன்சிட்டு அலகால் அழுத்தினால் வெடித்து விரிகிறது. பூக்கொத்தி அதன் பழத்தை விழுங்கி, பசையுள்ள விதையை எச்சத்தோடு கிளையில் ஒட்டிவிடுகிறது. இரையிடும் மரமும் உண்ணும் பறவையும் ஒன்றையொன்று வாழ்விக்கின்றன.

1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோதும் தெஹ்மினா உடன் முகாமிட்டார். 1939இல் அவர் மறைந்தார். சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில் பறவைகளின் உணவையும் குறித்தார். டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வந்தன. பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமனம் எல்லாம் பின்னர் வந்தவை.

உணவுக் குறிப்பு ஏன் இன்றியமையாதது எனில், சிட்டுக்குருவி தானியம் தின்றாலும் தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சி புழுக்களையே. முற்றத்தில் கம்பு இறைத்துவிட்டுத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் இல்லத்தில் குருவி உண்ணும். குஞ்சு பட்டினி கிடக்கும். நம் இல்லங்களிலும் இது நடக்கிறது.

சாலிம் அலி 1987 ஜூனில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் தொடங்கப்பட்ட பறவையியல் ஆய்வு மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இயங்கி வருகிறது. ஆலங்குளத்துச் சிரட்டையை அவிழ்த்து, வேம்பின் நிழலில் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். தவிட்டுக்குருவிகள் இப்போது அதில் நீர் அருந்துகின்றன என்று மருமகள் எழுதியிருக்கிறாள்.