சுவாமி சகஜானந்தர்: நிபந்தனையற்ற மதிப்பைக் கோரிய வாழ்வு

அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்திற்குப் பல சாதியினரும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். தோளோடு தோள் உரச நின்றவர்கள், பொழுது விடிந்ததும் ஊருக்கும் சேரிக்குமாகப் பிரிந்து செல்கின்றனர். கூட்டத்தில் உடன் நிற்பது வேறு. வேறுபட்டவரை வேறுபட்டவராகவே மதிப்பது வேறு. இதைச் சிறுவயதிலேயே இவ்வட்டாரத்தில் பட்டுணர்ந்தவர் சுவாமி சகஜானந்தர்.

1890 சனவரி 27இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் பறையர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். இயற்பெயர் முனிசாமி. ஊர்ப் பள்ளிகள் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூடிக் கிடந்த காலத்தில், திண்டிவனத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய பள்ளி அவருக்குக் கதவு திறந்தது. விவிலியத்திலும் அவர் சிறந்து விளங்கினார். சிகாமணி என்ற பெயரும் அங்கே கிடைத்தது. ஆனால் மதம் மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தபோது அவர் இணங்கவில்லை. படிப்பு அத்துடன் நின்றது. மிஷன் பள்ளிகள் நம் மக்களுக்குச் செய்த கல்வித் தொண்டை நாம் மறுக்கவில்லை. எனினும், தன்னைப் போல் ஆனால்தான் ஏற்பேன் என்னும் அன்பு முழுமையான மதிப்பாகாது.

பின்னர் கோலார் தங்கவயலுக்குச் சென்றார். அதன்பின் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் மாணவராகிச் சகஜானந்தர் என்னும் பெயர் பெற்றார். குருவின் விருப்பப்படி 1910இல் சிதம்பரம் வந்தார். நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் ஏற்கப்பட்டதாகப் புராணம் சொல்லும் ஊர் அது. இங்கும் நிபந்தனைதான்: உன் உடலை அழித்துவிட்டு வா என்பது. அந்த ஊரிலேயே 1916இல், நந்தனார் பெயரில், 25 மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். எந்தப் பிள்ளையும் தன் பிறப்பை எண்ணிக் கூசாமல் படிக்க ஓர் இடம் அமைந்தது. பின்னாளில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் விடுதிகளாகவும் வளர்ந்து, பல தலைமுறைகளைப் படிக்க வைத்தது. 1926 முதல் சட்டமன்றத்திலும் நீண்ட காலம் ஒடுக்கப்பட்டோருக்காகப் பணியாற்றினார். 1959 மே 1இல் மறைந்தார்.

அயோத்திதாசர் பௌத்தம் தழுவினார்; அண்ணல் அம்பேத்கர் 1956இல் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் ஏற்றார். சகஜானந்தரோ சைவத்துள் நின்றே போராடினார். அதனாலேயே அவரை நம் முன்னோடிகள் வரிசையில் வைக்க நம்மிற் சிலர் தயங்குகிறோம். அவர் வழியோடு நாம் முரண்படலாம். அதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மைப் போல் சிந்தித்தால்தான் நம்மவர் என்று சொல்வோமாயின், திண்டிவனத்தில் அச்சிறுவன் முன் வைக்கப்பட்ட அதே நிபந்தனையை நாமும் வைத்தவராவோம். பௌத்தரும் கிறித்தவரும் சைவரும் கடவுள் மறுப்பாளரும் வாழும் நம் சேரிகளில், சாதி ஒழிப்பு இயக்கம் இந்த மதிப்பைத் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும்.