பட்டுப்புழுவிடம் பாடம் கேட்டவர்

லூயி பாஸ்டர் என்றதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பூச்சிகளின் நோயெதிர்ப்பைப் பற்றிப் பயின்று வரும் எனக்கோ, அவர் பட்டுப்புழுவோடு போராடிய ஐந்து ஆண்டுகளே நினைவுக்கு வருகின்றன.

பாஸ்டர் 1822இல் பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பயின்றது இரசாயனம். 1865இல் அவருடைய ஆசிரியர் தூமா ஒரு வேண்டுகோள் விடுத்தார். தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்துகொண்டிருந்தன. 1853இல் ஏறத்தாழ 260 இலட்சம் கிலோவாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல் 40 இலட்சமாகச் சரிந்துவிட்டது. குடியானவர்கள் கலங்கி நின்றனர். பாஸ்டரோ பட்டுப்புழுவையே அறியாதவர். பூச்சியியல் அறிஞர் ஃபாபரிடம் சென்றபோது, ஒரு கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருப்பதை அறிந்து வியந்தாராம்!

அலெஸ் நகருக்குச் சென்ற சில நாட்களில் தந்தை இறந்த செய்தி வந்தது. அதே ஆண்டு இரண்டு வயது மகள் காமில் மறைந்தாள். மறு ஆண்டு பன்னிரண்டு வயது செசில் டைபாய்டுக்கு இரையானாள். ஆயினும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

நோயுற்ற புழுக்களின் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளிகள் தோன்றின. அதனால் அந்நோய்க்குப் பெப்ரின் என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் உடலெங்கும் சிறு மணிகள். அவை நோயின் விளைவே, காரணமல்ல என்று பாஸ்டர் முதலில் எண்ணினார்; பிறர் மறுத்தும் அவர் இணங்கவில்லை. ஆனால் சோதனைகள் அவருக்கு எதிராகவே சாட்சி கூறின. 1867இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அம்மணிகள் ஒட்டுண்ணிகளே, தாயிடமிருந்து முட்டைக்கும் செல்பவை.

அவர் வகுத்த வழி எளியது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விட்டு, பின்னர் அதை நீர் விட்டு அரைத்து, நுண்ணோக்கியில் காண வேண்டும். மணிகள் தென்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். நம் நாட்டு முட்டை உற்பத்தி நிலையங்களிலும் இச்சோதனை இன்றும் நடக்கிறது.

ஆனால் மணிகளே இல்லாத புழுக்களும் துவண்டு மடிந்தன! பிளாச்சரி என்னும் வேறொரு நோய் அது. 1868 அக்டோபரில் பக்கவாதம் பாஸ்டரின் இடப்பக்கத்தைத் தாக்கியது. அப்போது அவருக்கு வயது 45. சில மாதங்களிலேயே மீண்டும் புழுக்களிடம் திரும்பினார். 1870இல் நூலை வெளியிட்டார். பிளாச்சரிக்குப் பின்னே பாக்டீரியாவோடு வைரசும் உண்டு என்பது பிற்காலத்தில் தெரிந்தது. அவருடைய நுண்ணோக்கிக்கு வைரஸ் எட்டாது. எனினும் வலிமையுள்ள பூச்சிகளின் முட்டைகளையே வளர்க்கச் சொன்னார், தூய்மையை வற்புறுத்தினார்.

1885இல் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டு அவர் உலகப் புகழ் பெற்றார். மனிதர் உடல் அதனால் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. பூச்சிக்கு எதிர்ப்பொருள் கிடையாது. அப்படியானால் அது வைரசை எவ்வாறு எதிர்க்கிறது? 2006இல் பழ ஈயில் செய்த ஆய்வுகள் விடை தந்தன. வைரஸ் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர்-2 என்னும் நொதி 21 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட்-2 என்னும் புரதம் அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, எஞ்சிய வைரஸ் இழைகளைத் தேடி வெட்டுகிறது. எதிரியின் உடலே எதிரியைக் காட்டிக்கொடுக்கிறது! 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மற்றொன்றையும் கண்டனர். டென்சோ வைரஸ் தாக்காத சில பட்டுப்புழு இனங்களில், அது குடலுக்குள் நுழையத் தேவையான ஒரு புரதம் பழுதுபட்டிருக்கிறது. வாசற்கதவே இல்லாத வீட்டில் திருடன் எவ்வழி நுழைவான்?

பாஸ்டர் 1895இல் மறைந்தார். மூன்று மாதம் நான் கட்டிக்காத்த கருத்து ஒன்றை என் ஈக்கள் சென்ற வாரம் பொய்யாக்கின. அன்றிரவு முழுதும் சாக்குப்போக்குத் தேடினேன். விடியலில் பாஸ்டரின் பெப்ரின் நினைவுக்கு வந்தது. குறிப்பேட்டில் என் கருத்தை அடித்துவிட்டு, கண்டதைக் கண்டபடி எழுதினேன். மனம் இலேசாயிற்று.