ஒரு பற்றரிக்காகப் பத்து ஆண்டுகள்: எடிசனின் அதிகம் பேசப்படாத போராட்டம்

தொமஸ் அல்வா எடிசன் என்றதும் மின்குமிழ்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அவரைப் பத்து ஆண்டுகள் படாதபாடு படுத்தியது மின்சாரக் காருக்கான ஒரு பற்றரி.

1847 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர் எடிசன். பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலமே, தாயார்தான் படிப்பித்தார். காதும் சரியாகக் கேட்காது. ரயிலில் பத்திரிகை விற்றார், பிறகு தந்தி இயக்குநரானார். 1867 இல் லூயிவில் நகரில், இரவு வேலையின்போது பற்றரியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். சிந்திய கந்தக அமிலம் பலகை இடுக்கால் ஒழுகிக் கீழ்மாடியில் மேலதிகாரியின் மேசையில் விழுந்தது. மறுநாள் வேலை பறிபோனது.

1900 அளவில் அமெரிக்க வீதிகளில் மின்சாரக் கார்கள் சாதாரணமாக ஓடின. அவற்றில் இருந்தது ஈய அமிலப் பற்றரி. பாரம் அதிகம், பராமரிப்பும் அதிகம். சார்ஜ் இறங்கிய நிலையில் நாட்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிவிடும். பிறகு பழைய பலம் திரும்பாது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் தகடுகள் உதிரும். ஆகவே காரை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, சார்ஜ் ஏற்றவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கல் இல்லாத பற்றரி ஒன்றைச் செய்ய எடிசன் முனைந்தார். அமிலத்தை விட்டு, காரக் கரைசலில் நிக்கலையும் இரும்பையும் வைத்தார். 1903 இல் விற்பனைக்கு வந்த முதல் பற்றரிகள் கசிந்தன, சீக்கிரம் பலமிழந்தன. அவர் உற்பத்தியை நிறுத்தினார். மீண்டும் ஆயிரக்கணக்கான சோதனைகள். 1909 இல் வந்த புதிய பற்றரி முழுதாக இறக்கினாலும், கூடுதலாக ஏற்றினாலும், மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் தாங்கியது.

ஆனால் அது விலை கூடியது, குளிரில் சோர்ந்துபோகும். அதற்குள் போர்ட்டின் மலிவான பெற்றோல் கார் சந்தையைப் பிடித்திருந்தது. 1912 இல் கடிலக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்ததும், கைப்பிடி சுழற்றும் தொல்லையும் ஒழிந்தது. எடிசனின் பற்றரி ரயில் சமிக்ஞைகளிலும் சுரங்கத் தொழிலாளரின் விளக்குகளிலும் நிலைத்தது. 1931 ஒக்டோபர் 18 இல் அவர் காலமானபோது மின்சாரக் கார்கள் வீதியிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தன.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி வானொலி கேட்ட நமக்கு, சேமித்த மின்சாரத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின், லீசிங் எடுத்தும் வெளிநாட்டு உறவுகளின் உதவியோடும் மின்சாரக் கார் வாங்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காரின் மிக விலையுயர்ந்த பாகம் பற்றரிதான்.

இன்றைய லித்தியம் பற்றரிக்குக் காவலாக ஒரு கணினி இருக்கிறது. என்றாலும் பாவிப்பவரின் பழக்கம் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நிக்கல் கலந்த வகையென்றால் நாளாந்தப் பாவனைக்கு 80 வீதமளவில் நிறுத்துவது நல்லது. இரும்பு பொஸ்பேற்று வகையென்றால் இடைக்கிடை 100 வீதம் ஏற்றும்படி உற்பத்தியாளர்களே சொல்வதுண்டு. எந்த வகையானாலும் அடியோடு இறங்கவிட்டு நாட்கணக்கில் நிறுத்தக்கூடாது. முழுதாக ஏற்றிக் கடும் வெயிலில் விடுவதும் கூடாது.

எதை எப்படிப் பாவித்தாலும் தாங்கும் பற்றரியைத்தான் எடிசன் தேடினார். நமது காரில் இருப்பது அதுவல்ல. எனவே விலை பேசும் முன்னர், எந்த வகைப் பற்றரி என்று விற்பவரிடம் கேளுங்கள்.