தனிவழி பறந்த எமி ஜோன்சன்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் எனக் கணித வகுப்பிலே கற்கின்றோம். அக்கணக்கு வானவெளியில் எவ்வாறெல்லாம் மாறக்கூடும் என்பதைத் தம் வாழ்விற் கண்ட ஒரு வீராங்கனையை இங்கு நினைவுகூர்வோம்.

எமி ஜோன்சன் 1903ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள், இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். ஷெபீல்ட் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, இலண்டனில் சட்டத்தரணிகளின் அலுவலகத்திற் பணியாற்றினார். ஓய்வு வேளைகளில் விமானம் ஓட்டப் பழகினார். இயந்திரம் பழுதுபார்க்கவும் கற்று, 1929இல் விமானத் தரைப் பொறியியலாளர் உரிமம் பெற்ற முதற் பிரித்தானியப் பெண்ணானார்.

1928இல் பேர்ட் ஹிங்க்லர் என்பார் இங்கிலாந்திலிருந்து டார்வின் நகருக்குப் பதினைந்தரை நாட்களிற் பறந்திருந்தார். அச்சாதனையை வெல்ல எமி விரும்பினார். அதுவரை அவர் தனியே பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து ஹல் வரையே. ஆயினும் தந்தையார் மகளை நம்பினார். அவரும் வேக்பீல்ட் பிரபுவும் வழங்கிய பணத்தில், 'ஜேசன்' எனப் பெயரிடப்பட்ட பழைய சிறு விமானம் வாங்கப்பட்டது.

தேசப்படத்தில் இயன்றவரை நேரான வழியை எமி தெரிந்தெடுத்தார். தூரம் ஏறத்தாழ 11,000 மைல். விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 80 மைல். வகுத்துப் பார்த்தால் 138 மணித்தியாலம். ஆறு நாட்களுக்கும் குறைவு. ஆனால் இரவில் உறங்கவும், எரிபொருள் நிரப்பவும், இயந்திரத்தைச் சீர்செய்யவும் வேண்டுமல்லவா?

1930 மே 5ஆம் நாள் குரோய்டனிலிருந்து புறப்பட்டார். ஈராக்கிய பாலைவனத்தில் மணற்புயல் அவரைத் தரையிறக்கியது. எனினும் ஆறாம் நாள் கராச்சியை அடைந்தபோது, ஹிங்க்லரை விட இரு நாட்கள் முந்தியிருந்தார். ரங்கூனுக்கு அருகே, கடும் மழையில், விளையாட்டு மைதானமொன்றில் இறங்கியபோது விமானம் சேதமுற்றது. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினர் அதனைச் சீர்செய்ய உதவினர். ஆனால் முந்திய நாட்கள் கைநழுவின.

இறுதியாகத் தீமோர்க் கடலைக் கடந்து, மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கினார். சென்ற காலம் பத்தொன்பதரை நாட்கள். சாதனை முறியவில்லை, ஆயினும் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண் என்ற பெருமை அவருக்கே உரியதாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை இடத்துக்கிடம் கொண்டுசேர்க்கும் பணியில் ஈடுபட்ட எமி, 1941 சனவரி 5ஆம் நாள் தேம்ஸ் கழிமுகத்தில் வீழ்ந்து மறைந்தார். அவரது உடல் கிடைக்கவில்லை. ஜேசன் விமானமோ இலண்டன் அறிவியல் அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றது.

இலண்டனிலிருந்து பேர்த் நகருக்கு இடைநில்லா விமானசேவை 2018இல் தொடங்கியது. அப்பயணத்துக்குச் சுமார் 17 மணித்தியாலம் போதும். ஆசனத்தில் அமர்ந்தவாறே கண்டங்களைக் கடக்கும் நாம், திறந்த இருக்கையில் மழையும் மணலும் தாங்கிப் பறந்த அம்மங்கையை எண்ணிப் பார்த்தல் நன்று. மாணவச் செல்வங்களே, கணக்குத் தவறிய பின்னும் பயணத்தைக் கைவிடாமையே எமியின் வெற்றி. மகளின் கனவுக்குத் துணைநின்ற தந்தையின் செயல் பெற்றோராகிய எமக்கும் ஒரு பாடமன்றோ!